வெரிபீக்கு ஒரு பாட்டில் சாக்கோலி

சனிக்கிழமை, அதிகாலை 5.10. சிட்னியின் லிட்கம்மிலிருந்து கிளம்பும்போதே காற்றில் சூடு இருந்தது. பின்சீட்டில் ஐஸ் பெட்டியை வைத்து, பச்சைக் குழந்தைக்குப் போடுவதுபோல அதற்கு சீட்பெல்ட்டும் போட்டுவிட்டாள் என் மனைவி நித்யா. உள்ளே ஐஸுக்கு நடுவே ஒரே ஒரு பாட்டில் வெள்ளை வைன். அதை மெல்போர்னுக்கு அப்பால் இருக்கும் வெரிபீக்குக் குளிர் குறையாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தூரம் ஏறக்குறைய 900 கிலோமீட்டர். அங்கே அன்றைக்கு 39 டிகிரி என்று போன் சொன்னது.

வைனுக்கு இத்தனை உபசாரமா என்று கேட்பீர்கள். காரணம் சிவநேசன். வவுனியாக்காரர், படகில் வந்தவர். லிட்கம்மில் எங்களோடு ஒரே வீட்டில் ஐந்து வருடம் இருந்தார். அப்போது சிட்னியில் ஒரு பாஸ்க் உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலை. பாஸ்க் என்பது ஸ்பெயினும் பிரான்சும் கடலோரத்தில் சந்திக்கும் பகுதி. அந்த ஊர் வெயில்காலத்து வைன்தான் சாக்கோலி. பாட்டிலைத் தலைக்கு மேலே தூக்கி, இடுப்புயரத்தில் பிடித்த தம்ளரில் ஊற்றுவார்கள். நம்மூர் டீ மாஸ்டர் பார்த்தால் வேலைக்கு எடுத்துக்கொள்வார். சிவநேசன் அதைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டு, எங்கள் வீட்டு சிங்க்கில் தண்ணீரை வைத்துப் பழகினார். ஒரு சொட்டு சிந்தாது.

ஆறு வருடத்துக்கு முன் அவர் மெல்போர்ன் போனபோது, உணவக முதலாளி ஒரு பாட்டிலைக் கையில் கொடுத்து அனுப்பினார். சிவநேசன் திறக்கவில்லை. நிரந்தர விசா வரும் நாளில்தான் திறப்பது என்று சொல்லிவிட்டார். அவர் வீட்டில் எல்லாமே அப்படித்தான். கட்டில் வாங்குவது விசா வந்த பிறகு, கார் வாங்குவது விசா வந்த பிறகு. நான்கு வருடமாக முதியோர் இல்லத்தில் கூட வேலை பார்க்கும் கலாவிடம் கல்யாணப் பேச்சை எடுப்பதும் விசா வந்த பிறகு.

போன வாரம் விசா வந்தது. போனில் அழுதார், நானும் அழுதேன். கலாவிடம் கேட்டாயிற்றா என்றேன். "முதல்ல ஒரு வீடு வாங்குவம், பிறகு கேப்பம். பொறுத்தார் பூமியாள்வார்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் சும்மா ஆசைக்கு ஒரு வைன் கடையில் நுழைந்து சாக்கோலி கேட்டேன். 38 டாலர். எடுத்துக் கொடுத்த பெண், இது இளசாகக் குடிக்கிற வைன், இந்த வெயில் முடிவதற்குள் குடித்துவிடுங்கள் என்றாள். ஆறு வருடம் வைத்திருந்தால் என்று இழுத்தேன். குழம்பில் ஊற்றிப் பாருங்கள் என்று சிரித்தாள். பழசானால் உசத்தி என்று நம்பி ஒரு மனிதர் ஆறு வருடமாகக் கும்பிடாத குறையாக வைத்திருக்கிறார்! ஒன்று வாங்கிக்கொண்டேன்.

காலை 7.05, கௌல்பர்ன். காபி ஐந்தரை டாலர், வாயில் வைக்க வழியில்லை. சிவநேசனிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாமா என்று இங்கே ஆரம்பித்த விவாதம் கண்டகாய் என்ற ஊரைத் தாண்டியும் ஓயவில்லை. இருபுறமும் காய்ந்து வெளுத்த புல்வெளி, ஆங்காங்கே ஒரு மரத்தடி நிழலுக்கு நாற்பது ஆடுகள். அவர் ஆசையாகத் திறக்கட்டும், மாற்றுதான் நம்மிடம் இருக்கிறதே என்பது நித்யாவின் கட்சி. எனக்கு மனசு கேட்கவில்லை.

11.40, ஆல்பரி. ஐஸ் பாதி தண்ணீராகிவிட்டிருந்தது. பெட்ரோல் நிலையத்தில் ஐந்து டாலருக்கு ஒரு மூட்டை ஐஸ் வாங்கினோம். மீன் பிடிக்கவா என்று விசாரித்தார் கடைக்காரர். ஒரு பாட்டில் வைனுக்கு என்றதும் ஐஸ் பெட்டியையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

மாலை 4.20, வெரிபீ. அச்சில் வார்த்த மாதிரி வரிசையாகப் புது வீடுகள். சிவநேசன் தன் வாடகை வீட்டு வாசலிலேயே நின்றிருந்தார். காதோரம் நரைத்திருந்தது, சிரிப்பு மட்டும் மாறவில்லை. பின்முற்றத்தில் நான்கு நாற்காலிகள், அவர் பாஷையில் கதிரைகள்; மேசையில் பொரித்த நெத்தலி, ஊறப்போட்ட பச்சை மிளகாய். பாஸ்க்காரர்களும் நெத்தலியோடுதான் இதைக் குடிப்பார்களாம். நாலாவது கதிரை யாருக்கு என்று நித்யா கேட்டாள். சும்மா போட்டது என்றார்.

பிறகு உள்ளே போய், துண்டில் சுற்றி வைத்திருந்த பாட்டிலை இரண்டு கையாலும் ஏந்தி வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் கார்க்கை இழுத்துவிட்டார். சத்தமே இல்லை. கையைத் தூக்கி ஊற்றினார், சிந்தவில்லை. தம்ளரில் பால் விடாத டீ நிறத்தில் ஏதோ நின்றது, ஒரு குமிழிகூட எழவில்லை. ஒரு வாய் குடித்தார். நானும் குடித்தேன். ஊறுகாய் ஜாடி கழுவிய தண்ணீர்தான்.

அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஓடிப்போய் எங்கள் பாட்டிலைக் கொண்டுவந்து, கடைக்காரப் பெண் சொன்னதையெல்லாம் ஒப்பித்தேன். இது வைத்திருந்து குடிக்கும் சாமானே இல்லை என்றேன். சிவநேசன் தன் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நித்யா மெதுவாகக் கேட்டாள். "ஆறின கஞ்சி பழங்கஞ்சிதானே அண்ணா. கலாவையும் இன்னும் எத்தனை வருஷம் துண்டுல சுத்தி வைக்கப்போறீங்க?"

சிவநேசன் எழுந்தார். பழைய வைன் முழுவதையும் கறிவேப்பிலைச் செடியடியில் கொட்டிவிட்டு, வேலியோரம் போய் போனை எடுத்தார். "கலா, வேலை முடிஞ்சுதோ? ஒருக்கா வீட்டுக்கு வாங்கோ. இப்பவே" என்றது மட்டும் காதில் விழுந்தது.

5.45. முதியோர் இல்லத்துச் சீருடையோடு, நீல கான்வாஸ் ஷூ தேயத் தேய நடந்து வந்தார் கலா. நாலாவது கதிரை அவருக்கென்றே அளவெடுத்ததுபோல இருந்தது. புதுப் பாட்டிலைத் திறந்ததும் டப் என்று ஒரு சத்தம். சிவநேசன் கையைத் தூக்கி ஊற்றினார். தண்ணீரில் சிந்தாத கை, பாதியை மேசையிலும் நெத்தலியிலும் ஊற்றியது. மீதி தம்ளருக்குள் பொடிப்பொடியாக நுரைத்தது. நானும் குடித்தேன். சில்லென்று, உப்பு தொட்ட மாங்காய்ப் புளிப்பு, தொண்டையை வருடிக்கொண்டு இறங்கியது. 900 கிலோமீட்டர் புழுக்கமும் அந்த ஒரு மிடறில் போயிற்று.

கேட்க வேண்டியதை அவர் அங்கேயே, நெத்தலித் தட்டைக் கையில் பிடித்தபடி, எங்கள் இருவர் முன்னாலேயே கேட்டுவிட்டார். கலா தம்ளரைக் கீழே வைத்தார்.

"ஓம். நாலு வருசமா ஓம் எண்டு சொல்லத்தான் இருக்கிறன். நீங்கள்தான் கேக்கேல்லை."

பிறகு தம்ளரை நீட்டி, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். ஒன்பது மணி ஆகியும் மேற்கே வெளிச்சம் மிச்சம் இருந்தது. பாட்டில் எப்போதோ காலியாகிவிட்டது.

ஞாயிறு மாலை லிட்கம் வந்து சேர்ந்தோம். பெட்டியை இறக்கியதும் நித்யா நேராகக் கண்ணாடி அலமாரியைத் திறந்தாள். எங்கள் கல்யாணத்துக்கு வந்த டின்னர் செட், பதினாலு வருடமாக நல்ல நாளுக்கென்று அட்டைப்பெட்டி பிரிக்காமலே இருந்தது. இரண்டு தட்டை எடுத்துக் கழுவினாள். அதில் தயிர்சாதம் சாப்பிட்டோம்.