ஈஸ்டர் ராணிக்கு ஒரு கல்

காலை ஆறரை மணிக்கு நல்லேப்பிள்ளியிலிருந்து கிளம்பினோம். மணியண்ணனின் பிக்கப் வண்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் சாக்கு சுற்றிய ஒரு கல்லறைக் கல் கிடந்தது. அதை மறையூருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் சேர்க்க வேண்டும்.

பாலக்காட்டுச் சித்தூரில் பெயர்ப்பலகையும் கல்வெட்டும் செய்கிற ஒரு கடையில் எனக்கு வேலை. ஆங்கில எழுத்துகளைச் சரிபார்ப்பேன். கல்லோடு நான் போகிற வழக்கமில்லை. இந்த ஈமக்கல் மட்டும் இரண்டாம் முறையாகப் போகிறது. முதல் கல்லில் பெயர் தப்பாகிவிட்டதால், இந்த முறை நானும் கூட.

கோபாலபுரம் செக்போஸ்டில் மணியண்ணன் கேட்டார்: "ஏனுங்க அம்மிணி, ஒரு பேரை எழுதறதுல அப்படி என்னங்க தப்பு வந்துச்சு?"

சொன்னேன். இறந்தவள் பெயர் ஈஸ்டர் ராணி. எழுத்து வெட்டுகிறவர் அதைப் பார்த்து, ஈஸ்டர் என்பது பண்டிகையாயிற்றே, பைபிளில் வருகிறவள் எஸ்தர் ராணி அல்லவா, பாவம், ஸ்பெல்லிங் தெரியாமல் அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். முன்னால் இருந்த ஒரு ஏ-வை எடுத்துவிட்டு, டீ-க்குப் பின்னால் ஒரு எச் சேர்த்தார். ஈஸ்டர் எஸ்தர் ஆகிவிட்டாள். நான் அந்தக் கடையில் சேர்வதற்கு முன்னால் நடந்தது அது.

"நல்லதுதானுங்களே நெனச்சாரு" என்றார் மணியண்ணன்.

பொள்ளாச்சி, உடுமலை வழியாகப் போனோம். என் தொழிலின் சாபம், பலகைகளைப் படிக்காமல் வர முடியாது. ஒரு பேக்கரியில் இனிப்புக்குப் பதில் பாலைவனம் விற்றார்கள். டெசர்ட்டில் ஓர் எஸ் குறைந்துபோனதால் வந்த வினை. ஒரு விடுதி தன்னை 'ஓரளவு இடம்' என்று சொல்லிக்கொண்டது. அமைதி என்று பொருள்படும் கொயட்டில் ஈ-யும் டீ-யும் இடம் மாறியிருந்தன. மணியண்ணனுக்கு ஒவ்வொன்றையும் விளக்க, அவர் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்துக்கொண்டே வந்தார்.

உடுமலையிலிருந்து மறையூர் நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். சின்னாறு தாண்டியதும் காடு வறண்டு கிடந்தது. மறையூரில் கரும்பு வயல்களைக் கடந்து ஏறத் தொடங்கினோம். எங்கிருந்தோ மஞ்சு இறங்கி, பனிமூட்டம் சாலையை மறைத்தது. ஒரு வளைவில் யாரோ கையால் எழுதி வைத்திருந்த பலகை: பிரேக் போடவும். ஆனால் அந்த பிரேக்குக்கு எழுதியிருந்த ஸ்பெல்லிங், உடைவதைக் குறிக்கிற பிரேக். 'இங்கே உடையவும்' என்றது பலகை. அதன் பின்னால் சாலையின் ஓரம் உண்மையாகவே உடைந்து, சரிவு முழுக்கச் சிவந்த மண்ணாக இருந்தது. மணியண்ணனிடம் நான் அதை விளக்கவில்லை.

எஸ்டேட் பாதை பிரிகிற இடத்தில் இறந்தவளின் கணவர் சாமுவேல் காத்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். மழைக்கோட்டின் தொப்பியை இழுத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"மழையில ரோடு அடைஞ்சு கிடந்துச்சு. இல்லன்னா எப்பவோ வரச் சொல்லியிருப்பேன். இனிமே அந்தக் கல்லு அங்க இருக்கக் கூடாது பாத்துக்கிடுங்க" என்றார். ஏன் இவ்வளவு அவசரம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

கல்லறைத் தோட்டத்தின் வாசலில் ஆங்கிலத்தில் ஒரு தகரப் பலகை. வாளையாரிலிருந்து சிமெண்ட் லோடு அடித்துப் பழகிய மணியண்ணன் எழுத்துக் கூட்டினார். "சிமெண்டுன்னு போட்டிருக்குதுங்க?" கல்லறைத் தோட்டத்தைக் குறிக்கும் செமிட்ரிக்குள் 'என்' என்ற ஆங்கில எழுத்து ஒன்று புகுந்திருந்தது. இருவரும் சிரிக்க வாயெடுத்தோம். சாமுவேல் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டோம்.

உள்ளே ஒன்பது பத்துப் புதிய கல்லறைகள் ஒரே வரிசையில் இருந்தன. மலை சரிந்தபோது போனவர்கள். உள்ளூர்க் கொத்தனார் ஈரச் சிமெண்டில் ஆணியால் எழுதியவை அதிகம். ஒரு குழந்தையின் கல்லறை மேல் ஏஞ்சல் என்று இருக்க வேண்டியதில் கடைசி இரண்டு எழுத்துகள் இடம் மாறி, தேவதை கோணமாகியிருந்தாள். இன்னொன்றில் சமாதானமாக இளைப்பாறச் சொல்லும் பீஸ், துண்டைக் குறிக்கும் பீஸாக இருந்தது. காலையில் இந்த மாதிரித் தப்புகளைப் பார்த்துச் சிரித்தவள் நான். மண்ணுக்குள்ளிருந்து இவர்களை எப்படி எடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் கடையின் கல் வரிசைக் கடைசியில் பளபளவென்று நின்றது. அதன் பக்கத்தில் மஞ்சுக்குள் ஒரு பெண் நின்றிருந்தாள். இடுப்பில் கொழுந்து எடுப்பவர்கள் கட்டுகிற பிளாஸ்டிக் தாள், தலையில் துண்டு. முப்பது வயதிருக்கும்.

"சொந்தக்காரங்களா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள்.

"உங்க பேரு?"

அவள் கையை நீட்டி, கல்லைக் காட்டினாள்.

எழுத்துகளைப் பார்த்தேன். அவளைப் பார்த்தேன்.

"எஸ்தர் ராணியா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "எம் பேரைக் கேட்டு எத்தனையோ நாளாச்சுக்கா."

பிறகு அவளே சொன்னாள். அவளும் ஈஸ்டரும் ஒரே தேயிலைக் காட்டில் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவர்கள். அன்று எஸ்தரின் காலில் அட்டை கடித்து ரத்தம் நிற்கவில்லை. சுண்ணாம்பு வாங்கக் கீழே இறங்கினாள். "நீ போ, உன் நிரையையும் நான் பாத்துக்கிடுதேன்னு சொல்லி அவ என் எடத்துல வந்து நின்னா. நான் பாதி தூரம்தான் எறங்கியிருப்பேன். மேல ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தா, நாங்க நின்ன காட்டையே காணோம்."

கல் நட்ட அன்று பாஸ்டர் ஜெபம் பண்ணி, கல்லை மூடியிருந்த துணியை எடுத்தார். பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் சத்தமாகப் படித்தாள். கூட்டம் முழுக்கத் திரும்பி எஸ்தரைப் பார்த்தது.

"அன்னையிலேருந்து யாரும் எம் பேரைச் சொல்ல மாட்டேங்காங்க. இந்தா, ஏ பிள்ள, அப்படித்தான் கூப்பிடுதாங்க. பேரைச் சொன்னா அவ வந்துருவாளோ, இல்ல நான் போயிருவேனோன்னு பயம். எங்கம்மா வாயிலகூட வர மாட்டேங்கு. எனக்கே ராத்திரி சந்தேகமா இருக்கும்க்கா. கணக்குப்படி நான்தானே உள்ள இருக்கணும்?"

சாமுவேல் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

மணியண்ணன் கடப்பாரையை எடுத்தார். "நின்னுட்டே இருந்தா நேரமாயிருமுங்க."

பழைய கல்லைப் பிடுங்க நிறைய நேரம் ஆனது. புதியதை நிறுத்தி, சிமெண்ட் பூசி, நான் மண்டியிட்டு ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தேன். ஏ இருந்தது. எச் இல்லை. சாமுவேல் குனிந்தார்.

"எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. வாசிச்சுச் சொல்லுங்கம்மா."

"ஈஸ்டர் ராணி" என்றேன்.

"ஈஸ்டரு" என்றார் அவர். "உயிர்த்தெழுந்த ஞாயிறு காலையில பொறந்தவ. அவுக அப்பா அதனால வச்ச பேரு." கல்லின் தலையில் கையை வைத்துக்கொண்டு அழுதார். கல் வந்த நாளிலிருந்து இன்றுவரை மனைவிக்காக அழ முடியாமல் இருந்ததாகவும், யாருடைய பெயருக்கு முன்னால் அழுவது என்றே தெரியவில்லை என்றும் பிறகு சொன்னார்.

பழைய கல் புல்லில் மல்லாந்து கிடந்தது. அதை என்ன செய்வது? "உசுரோட இருக்கிற பொண்ணு பேரை உடைக்க மாட்டனுங்க. வண்டியிலயும் ஏத்த மாட்டனுங்க" என்று மணியண்ணன் கையை விரித்துவிட்டார். சாமுவேலும் தொடவில்லை.

எஸ்தர் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க லயத்துக் குழாயடியில துவைகல்லு உடைஞ்சு கிடக்கு" என்றாள். "எழுத்து அடியில போற மாதிரி போட்டுக் குடுங்க. நான் துவைச்சுக்கிடுதேன்."

"பயமா இருக்காதா?" என்று கேட்டேன்.

"எம் பேரு போட்ட கல்லு. நான்தான மிதிக்கணும்."

அவளே கேட்டதால் சாமுவேலும் கைகொடுத்தார்; அவள் வீடு இருந்த லயத்துக்கு, ஒட்டி ஒட்டி வரிசையாய்க் கட்டிய எஸ்டேட் குடியிருப்புக்கு, அதை நான்கு பேரும் சேர்த்துத் தூக்கிப் போனோம். குழாயடியில் கவிழ்த்துப் போட்டோம். கறுப்புக் கல்லின் பளபளப்பும் பெயரும் சேற்றுக்குள் போய், கொத்தாத முரட்டுப் பக்கம் மேலே வந்தது. எஸ்தரின் அம்மா வாசலில் நின்று பார்த்தார். பால் விடாத கட்டன் சாயா கொடுத்தார். புதுக் கல்லில் என்ன இருக்கிறது என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். நான் இரண்டு தடவையும் ஈஸ்டர் என்று சொன்னேன். மகளிடம் அவர் ஒன்றும் பேசவில்லை.

இருட்டுவதற்குள் சின்னாற்றைத் தாண்ட வேண்டும், யானை நிற்கும் என்று மணியண்ணன் அவசரப்படுத்தினார். நான்கு மணிக்குக் கிளம்பினோம். மஞ்சு இன்னும் அடர்ந்து, லயத்து வீடுகளில் முதல் வீடு மட்டும் தெரிந்தது. குழாயடியிலிருந்து துணி அடிக்கிற சத்தம் வந்தது. வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தபோது அந்த அம்மாவின் குரல் கேட்டது. முதலில் தொண்டையைச் செருமினார். பிறகு கூப்பிட்டார், கொஞ்சம் நடுங்கி, ஆனால் முழுசாக.

"ஏ... எஸ்தரு!"

துணி அடிக்கிற சத்தம் நின்றது.

"வாரேம்மா!" என்றாள் அவள்.

ஒரு நொடி கழித்து, மலை சரிந்த பக்கத்திலிருந்து, மெல்ல, அதே குரலில் இன்னொரு முறை கேட்டது. வாரேம்மா.

மணியண்ணன் என்னைப் பார்த்தார். "எதிரொலிங்க, அம்மிணி" என்றார். தன் பக்கத்துக் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டு, கியரைப் போட்டார்.