பல்லி இல்லாத வீடு

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. கல்யாணமாகி, கப்பலேறி, சிங்கப்பூரில் வந்து இறங்கி எனக்கு இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. புக்கிட் மேரா பக்கம் புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில், பத்தாவது மாடியில் எங்கள் வீடு. சுவரில் சுண்ணாம்பு வாசனைகூடப் போகவில்லை.

என் கணவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். துறைமுகக் கிடங்கு ஒன்றில் எழுத்தர் வேலை. கல்யாணத்துக்காகத்தான் ஊருக்கு வந்தார். நல்ல மனிதர், ஆனால் வாயைத் திறக்க மாட்டார். நான் வந்திறங்கிய அன்று வீட்டைத் திறந்து, விளக்கைப் போட்டு, பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னதுதான் என்னிடம் அவர் பேசிய முதல் நீளமான பேச்சு.

"இருந்து பாரு. பிடிக்கலன்னா சொல்லிடு, கப்பல் டிக்கெட் எடுத்துத் தரேன்."

புதுப்பெண்ணிடம் யாராவது இப்படிச் சொல்வார்களா? இவருக்கு என்னைப் பிடிக்கவில்லை, அதைத்தான் சுற்றிவளைத்துச் சொல்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பேச்செல்லாம் "சாப்பிடலாமா", "ம்", "குடை வேணுமா", "ம்" என்ற அளவில்தான். பகலெல்லாம் ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் ஆடும் அடுத்த வீட்டுத் துணிகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தீபாவளி வரை பார்ப்பது, பிறகு அந்த டிக்கெட்டைக் கேட்டுவிடுவது என்று மனதுக்குள் தீர்மானம் செய்துகொண்டேன்.

ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது, அந்த மௌனம் தாங்காமல், "இந்த வீட்டில ஒரு பல்லிகூட இல்ல" என்றேன். ஊரில் எங்கள் வீட்டில் ஏதாவது பேசிக்கொண்டிருக்கும்போது சுவரில் பல்லி சொன்னால், சொன்ன வார்த்தை சத்தியம் என்று அம்மா விரலால் தரையைத் தட்டுவாள். இங்கே பேசினால் ஆமாம் போட ஒரு பல்லிக்குக்கூட வழியில்லை. இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். "ம்" என்றார். ரசத்தை ஊற்றிக்கொண்டார். அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை மதியம் வேலை முடிந்து வந்தவர் கையில் ஒரு பிஸ்கட் டின். மூடியில் ஆணியால் ஓட்டை போட்டிருந்தது. மேசையில் வைத்துவிட்டு, திறக்கச் சொல்லிச் சைகை காட்டினார். ஏதோ பலகாரம் என்று ஆசையாகத் திறந்தால், உள்ளே பச்சைப்பசேலென்று ஓர் ஓணான். முதுகில் சீப்பு வைத்த மாதிரி முள், முழநீள வால். நான் போட்ட சத்தத்தில் அதுவும் பயந்துபோய் வாயைப் பிளந்தது.

"பயப்படாத லா, கடிக்காது" என்றார். பிறகு, கணக்கு ஒப்பிப்பவர் மாதிரி விளக்கினார். கிடங்கில் நாலைந்து நாளாகப் பல்லி பிடிக்கப் பார்த்தாராம். எல்லாம் வாலைக் கையில் கொடுத்துவிட்டு ஓடிவிட்டனவாம். கூட வேலை பார்க்கும் மலாய்க்காரர் ஒருவர் இதைப் பார்த்துச் சிரித்து, பாசிர் ரிஸில் தம் கம்பத்து வீட்டுத் தோட்டத்திலிருந்து (கம்பம் என்றால் இங்கே கிராமம்) இதைப் பிடித்துக்கொண்டுவந்து தந்தாராம். "பல்லி கெடைக்கல. இது கெடைச்சது."

ஓணான் எந்தக் காலத்திலும் பல்லி மாதிரி சொல்லாது. அதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காற்சட்டையில் ஒரு சுருக்கம்கூட விழாமல் பார்த்துக்கொள்ளும் இந்த மனிதர், கிடங்கு மூலையில் குனிந்து பல்லி துரத்தியதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அவர் எனக்குக் கொடுத்த முதல் பரிசு அது.

அதன் பின்னங்காலில் யாரோ கயிறு கட்டிய இடம் வீங்கியிருந்தது. கால் சரியாகும்வரை விட முடியாது. அவர் ஆரஞ்சுப் பழப் பெட்டி ஒன்றுக்குக் கம்பி வலை அடித்து வீடாக்கினார். நான் மஞ்சள் அரைத்துக் காலில் பத்துப் போட்டேன். பச்சை உடம்பும் மஞ்சள் காலுமாக அது கோயில் திருவிழாவுக்குக் கிளம்பியதுபோல் இருந்தது.

சிக்கல் சாப்பாட்டில் வந்தது. எங்கள் இரண்டு குடும்பமும் சுத்த சைவம். முட்டைகூட வாசற்படி ஏறாது. அதனால் வீட்டுக்கு வந்தவருக்கு வீட்டில் இருப்பதைப் போட்டேன். சாதம் வைத்தேன், தொடவில்லை. தயிர்சாதமாகப் பிசைந்து வைத்தேன். பூவன் பழம், வேகவைத்த பருப்பு, ஊறவைத்த அவல் என்று மாப்பிள்ளைக்குச் செய்வதுபோல் செய்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டது. கிண்ணத்துத் தண்ணீரையும் குடிக்கவில்லை. கறிவேப்பிலைக் கொத்தில் தண்ணீர் தெளித்து வைத்தால் மட்டும் அந்தத் துளிகளை நக்கும். நாளாக நாளாக அதன் பச்சை மங்கிக் கருஞ்சாம்பலாகிவிட்டது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் ஆசையாகக் கொடுத்த முதல் பொருளே என் கையில் செத்துப்போனால், அப்புறம் இந்த வீட்டில் எனக்கு என்ன இருக்கிறது என்றுதான் ஓடியது நினைப்பு.

ஆனால் அந்தக் கவலையில் நாங்கள் பேச ஆரம்பித்திருந்தோம். வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றாமலே "சாப்பிட்டுச்சா?" என்பார். முதலில் என்னைத்தான் கேட்கிறார் என்று "ம், ஆச்சு" என்று சொல்லி அசடு வழிந்தேன்.

ஒரு சாயங்காலம் முளைக்கீரையை ஆய்ந்து ஒரு கைப்பிடி உள்ளே போட்டேன். அசையாமல் கிடந்த ஓணான் சட்டென்று பாய்ந்து கவ்வியது. ஓடிப்போய் அவரைக் கூட்டிவந்து காட்டினேன். கீரை கீரையாகவே கிடந்தது.

"கீரையச் சாப்பிடலங்க. கீரையில இருந்த புழுவச் சாப்பிட்டிருக்கு" என்றேன்.

அவர் குனிந்து பார்த்துவிட்டு, "அப்ப இது சைவம் இல்ல" என்றார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

என்ன செய்வது? ஓர் எறும்பைக்கூட மிதிக்காமல் நடக்கச் சொல்லி வளர்த்த பெண் நான். சாமி படத்தைப் பார்த்தேன், பெட்டியைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். "விருந்தாளிக்குப் பிடிச்சதத்தான போடணும்" என்றார் மெதுவாக. சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் பறவைக் கடை ஒன்று இருக்கிறதாம். பாட்டுக் குருவிகளுக்காக உயிருள்ள வெட்டுக்கிளி விற்பார்களாம். அவர் வேலை முடிந்து வருவதற்குள் கடை மூடிவிடும். ஆக, நான்தான் போக வேண்டும். அதுவரை நான் தனியாக பஸ் ஏறியதே இல்லை. வெட்டுக்கிளிக்கு 'பெலாலாங்' என்ற மலாய்ச் சொல்லைச் சொல்லிக் கொடுத்து அனுப்பினார்.

போகும் வழியெல்லாம் அதை மந்திரம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டே போனேன். கடைக்காரச் சீனர் காகிதப் பை ஒன்றில் வெட்டுக்கிளிகளை அள்ளிப்போட்டு முடிந்து கொடுத்தார். பை கையில் துடித்தது. இத்தோடு வீடு திரும்பியிருக்கலாம். தேக்கா சந்தை வரை வந்துவிட்டுக் கீரை வாங்காமல் போவதா என்று, தண்ணீர் சொட்டச் சொட்ட ரெண்டு கட்டு வாங்கி, அதே கூடையில் அந்தப் பையின் மேலேயே வைத்தேன்.

பஸ் பாதி வழி வந்திருக்கும். நனைந்த காகிதம் கிழிந்தது. முதலில் ஒன்று என் மடியில் குதித்தது. குனிந்து பார்ப்பதற்குள் பஸ் முழுக்க வெட்டுக்கிளி. கண்டக்டர் தொப்பியில் ஒன்று, சொங்கோ தொப்பி போட்ட மலாய்ப் பெரியவர் தோளில் ஒன்று, முன் இருக்கையில் இருந்த சீன அம்மாளின் கொண்டையில் ஒன்று. எனக்கு அவமானமாகிவிட்டது. இறங்கி ஓடிவிடலாம் என்று எழுந்தேன். அந்த நேரத்தில் பெட்டியில் கறுத்துக் கிடக்கும் அந்த ஓணான் நினைவுக்கு வந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மண்டி போட்டு, வெறுங்கையால் பிடிக்க ஆரம்பித்தேன்.

கண்டக்டர் இதெல்லாம் எதற்கு என்று மலாயில் அதட்டினார். எனக்குத் தெரிந்த மலாயையெல்லாம் திரட்டி, "சிச்சா... சிச்சா மாக்கான்" என்றேன், பல்லிக்குச் சாப்பாடு என்று. அவர் ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு பஸ் முழுக்கக் கேட்கும்படி அதைச் சொன்னார். ஒரே சிரிப்பு. அப்புறம் நடந்ததுதான் எனக்கு மறக்காது. சொங்கோ போட்ட பெரியவர் தோளில் இருந்ததைப் பக்குவமாகப் பிடித்து நீட்டினார். ஆளாளுக்கு இருக்கைக்கு அடியில் குனிந்தார்கள். சீன அம்மாள் தம் பூப்போட்ட கைக்குட்டையை விரித்து, வருவதையெல்லாம் அதில் வாங்கி, பத்திரமாக முடிந்து என் கையில் வைத்தார். பெயர் தெரியாது, மொழி தெரியாது. இது என் ஊர் இல்லை என்ற எண்ணம் அந்த பஸ்ஸில்தான் முதன்முதலாகக் கொஞ்சம் விலகியது.

அன்று அவர் வந்ததும் வாசலிலேயே நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். கண்டக்டர் தொப்பியில் வெட்டுக்கிளி உட்கார்ந்திருந்ததைச் சொன்னபோது அவர் சிரித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். இந்த மனிதருக்கு இப்படிச் சிரிக்க வருமா என்று நான் வாய்பிளந்து நின்றேன். "தொப்பிய மறுபடி சொல்லு" என்றார்.

சைவ வீட்டுக்குள் வேண்டாம் என்று பெட்டியை வெளிநடையில் வைத்துத்தான் விருந்து. உள்ளேயிருந்து மொறுக் மொறுக் என்று சத்தம் வரும். நாங்கள் இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்போம். பிறகு நான் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வேன். சில வாரத்தில் வீக்கம் வடிந்தது. ஒரு காலையில் பார்த்தால் பழைய பச்சை முழுக்கத் திரும்பியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாசிர் ரிஸுக்குப் போய், அந்த மலாய்க்காரர் தோட்டத்திலேயே விட்டோம். செம்பருத்திச் செடியில் ஏறி, தலையை ரெண்டு தரம் ஆட்டிவிட்டு இலைக்குள் மறைந்தது. நான் அழுதேன். அவர் பக்கத்தில் நின்று குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து காப்பி போட்டேன். அவர் செய்தித்தாளை விரித்து முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு சொன்னார்: "ஊருக்குப் போறதுன்னா இப்பவே சொல்லிடு. தீபாவளி நேரத்துல கப்பல்ல இடம் கெடைக்காது."

அந்தக் குரலில் இருந்த தயக்கம் அப்போதுதான் என் காதில் விழுந்தது. நான் வந்திறங்கிய அன்றைக்கும் இவர் என்னைப் போகச் சொல்லவில்லை, போய்விடுவேனோ என்று பயந்திருக்கிறார்.

"டிக்கெட் வேணாம். நான் இங்கதான் இருப்பேன்" என்றேன்.

த்ச், த்ச், த்ச் என்று பல்லி சொன்னது.

என்னை அறியாமல் விரலால் தரையைத் தட்டினேன். அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தேன். நான்கு சுவரும் வெள்ளையாக, வெறுமையாக இருந்தன. செய்தித்தாள் மட்டும் லேசாகக் குலுங்கிக்கொண்டிருந்தது.

இப்போது மகனோடு செங்காங்கில் இருக்கிறோம். இங்கேயும் சுவரில் ஒரு பல்லி கிடையாது. ஆனால் நான் மனதிலிருந்து ஏதாவது சொன்னால் போதும், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்துவிடும். நான் சுவரைத் தேடுவதில்லை, தரையைத் தட்டிவிட்டு வேலையைப் பார்க்கிறேன். பேசத் தெரியாதவர்களுக்கும் ஆமாம் சொல்ல ஒரு வழி தெரிந்திருக்கிறது என்பதை எனக்குப் புரியவைத்தது, ஒரு சத்தமும் போடாமல் தலையை ஆட்டிவிட்டுப் போன அந்தப் பச்சை ஓணான்தான்.