காலால் பிறந்தவன் எடுத்த சுளுக்கு

போன வாரம் ஹட்டனில் பஸ் ஏறும்போது கால் வழுக்கிவிட்டது. பிடித்த கம்பியை விட்டிருந்தால் முழங்கால் சிராய்ப்போடு போயிருக்கும். ஸீட் ஆசை யாரை விட்டது! தொங்கிக்கொண்டே நாலடி போனதில் என் வலது தோள் மூட்டு விலகிவிட்டது. ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்தார், ஊசி போட்டார். நான் கண் திறந்தபோது மூட்டு தன் குழிக்குள் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. “இதுக்கு முந்தி விலகியிருக்கா?” என்று கேட்டார். “எனக்கில்ல, எங்க அக்காவுக்கு” என்றேன். மேலே கேட்க அவருக்கு நேரமில்லை. உங்களுக்கு இருக்கும், சொல்கிறேன்.

நான் காலால் பிறந்தவன். உலகத்துக்கு முதலில் காட்டியது முகத்தையல்ல, பாதத்தை. அப்படிப் பிறந்தவன் மிதித்தால் சுளுக்கு ஓடிவிடும் என்பது நோட்டன் பிரிட்ஜ் பக்கம் எங்கள் தோட்டத்தில் யாரும் சந்தேகப்படாத விஷயம். ஞாயிற்றுக்கிழமையானால் எங்கள் லயத்து வீட்டு வாசலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் வந்து குப்புறப் படுப்பார்கள். நல்லெண்ணெய் தேய்த்த முதுகில் குதிகாலால் மூன்று உதை. படிப்பில் வாங்காத பேரை நான் காலால் வாங்கினேன். தேயிலைத் தூள் செய்யும் ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்த வருஷம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லாரையும் நிற்கவைத்து ஏசும் மேற்பார்வைக்காரர் கண்டாக்கையாவே ஒருநாள் முதுகைக் காட்டினார். அவருக்கு மட்டும் நாலு உதைத்தேன்.

அந்த வருஷம்தான் சரோஜா அக்கா விழுந்தாள். கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருந்தது. மழையில் கொழுந்துக் கூடையோடு சரிவில் வழுக்கியவள், ஒரு தேயிலைச் செடியை எட்டிப் பிடித்தாள். செடி அசையவில்லை, தோள் அசைந்துவிட்டது. பிடித்ததை விடத் தெரியாத குடும்பம் எங்களுடையது. வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு வந்தாள். தோளின் உருண்டை காணாமல் போய்ப் பலகையாக இறங்கியிருந்தது. கண் உள்ளவன் பார்த்திருப்பான்.

“வீட்லயே காலால பொறந்தவன வச்சுக்கிட்டு ஆஸ்பத்திரி எதுக்கு?” என்றார் அம்மா. எனக்கும் தலைகால் புரியாத பெருமை. மூன்று நாள், காலையும் மாலையும் மிதித்தேன். அக்கா அலறினாள். சுளுக்கு இளகுகிறது என்று சொல்லிக்கொண்டோம். மூன்றாம் நாள், “தம்பி, வெரலு மரத்துப் போச்சுடா” என்றாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

ஆஸ்பத்திரியில் இருந்தவர் சிங்கள டாக்டர், தமிழ் கொஞ்சம் வரும், தங்கச்சி என்பது மட்டும் ‘நங்கி’தான். “நங்கி, இந்தக் கைய அந்தப் பக்கத் தோள்ல வைங்க.” அக்காவால் முடியவில்லை. படம் எடுக்கும் முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது. “சுளுக்கு இல்ல. மூட்டு வெளிய வந்திருக்கு. யாரு மிதிச்சது?”

அம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

ஊசி போட்டுப் படுக்கவைத்த பிறகு டாக்டர் செய்த காரியம்தான் வேடிக்கை. ஒரு சப்பாத்தைக் கழற்றினார். காலுறையோடு பாதத்தை அக்காவின் அக்குளில் ஊன்றி, கையைப் பிடித்து நிதானமாக இழுத்தார். ‘டொக்’ என்றது. அம்மாவின் முகம் மலர்ந்தது.

“ஐயாவும் காலால பொறந்தவங்களா?”

“இல்ல அம்மா. நான் தலையாலதான்.”

அன்றே வந்திருந்தால் நன்றாகியிருக்கும் என்றார். மிதித்ததில் உள்ளே எல்லாம் நைந்திருந்தது. கை இனித் தோளுக்கு மேல் உயராது. அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்ல வேண்டாம் என்றார்கள் வீட்டில். மாலை மாற்றும்போது தெரியாதா? மாப்பிள்ளை கணேசன் மச்சான் கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம். செய்தவன் நான், சொல்ல வேண்டியவனும் நான்தான். ரயிலேறி அவர் ஊரான றொசல்லக்குப் போய், நடந்ததை அவரிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். கல்யாணம் நின்றால் அக்கா முகத்தில் எப்படி விழிப்பது என்று கால் நடுங்கியது, அந்த ராசியான கால்தான்.

அவர் கேட்டது ஒன்றுதான். “கை சரி. வாய் நல்லாருக்கா?”

“அது ரொம்ப நல்லாருக்குங்க.”

“அப்ப என்னா? நான் குனிஞ்சுக்கிறேன்.”

மணவறையில் அவர் இடுப்பை மடித்துக் குனிய, சனம் எல்லாம் சிரித்தது. “மாப்புள, அன்னைக்குக் குனிஞ்சவன்தான், இன்னும் நிமிர விடல ஒங்கக்கா” என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார். அத்தோடு நான் யாரையும் மிதிப்பதில்லை. இப்போது கேட்கவும் ஆளில்லை. சுளுக்கென்றால் ஆட்டோ பிடித்துக் கினிகத்தேனை ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறார்கள்.

நேற்று, கட்டுப்போட்ட கையோடு அக்கா வீட்டுக்குப் போனேன். “என்னாடா, மிதிச்சு விடவா?” என்று சிரித்தாள். பிறகு எழுந்து போய் மச்சானுக்குப் புது மாலை போட்டாள். அவர் போய் இரண்டு வருஷமாகிறது. படம் ஏன் இவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்று வருகிறவர்கள் கேட்கிறார்களாம். மாட்டியவன் நான். படத்துக்குக் குனியத் தெரியாது. அதனால் ஆணியை அவள் நெஞ்சுயரத்தில் அடித்தேன்.