மாட்டை அவிட்டுக் கட்டு

மிளகாய் இலையைப் பிரட்டிப் பார்த்தால்தான் வெள்ளை ஈ தெரியும். செடியைக் கொஞ்சம் உலுப்பினால் மாத்தூள் பறந்த மாதிரி எழும்பி, திரும்பவும் அதே இலைக்கு அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். சாற்றை உறிஞ்சி, இலையைச் சுருட்டி, செடியையே குறுக்கிவிடும். அந்தச் சனியன்தான் என்னையும் அண்ணையையும் பேச்சுவார்த்தை இல்லாமல் ஆக்கியது.

உரும்பிராயில் எங்கள் இரண்டு தோட்டங்களும் முன்பு ஒரே காணி. அப்பா அதைப் பிரித்துக் கிணற்றடிப் பக்கத்தை எனக்குச் சீதனமாகத் தந்தார். நடுவில் ஒரு புல் வரம்பு மட்டும். அவர் காலத்திலிருந்தே எங்களுக்குள் ஒரு வழக்கம். மருந்தடிக்க முதல் பக்கத்துத் தோட்டத்துக்குக் கேட்கக் குரல் கொடுக்க வேண்டும்: "மருந்தடிக்கப் போறன், மாட்டை அவிட்டுக் கட்டு!" கேட்டவர்கள் மாட்டைத் தூரக் கட்டுவார்கள், கிணற்றை மூடுவார்கள், கொடியில் கிடக்கிற உடுப்பை எடுப்பார்கள். கொஞ்ச நாளைக்கு அந்த வரம்பில் புல் அறுக்க மாட்டார்கள். "ஓம், கட்டிப்போட்டன்" என்று பதில் வந்த பிறகுதான் மருந்தடிக்கிற மெசின் இயங்கும்.

என்னிடம் ஒரு செவலைப் பசு இருந்தது. கணவர் இறந்த பிறகு கன்றாக வாங்கி வளர்த்தேன். வீட்டில் நான் வாய் திறந்து கதைத்தது அதனோடு மட்டும்தான். முதல் கன்றுக்குச் சினையாக இருந்தது. அது தின்கிற புல்லை நினைத்து நான் மருந்தை விட்டு வேப்பெண்ணெய் தெளிப்பதோடு நிறுத்திக்கொண்டேன். அண்ணைக்கு அது பிடிக்கவில்லை.

"உன்ரை தோட்டத்திலை பூச்சியை வளர்த்து என்ரை தோட்டத்துக்கு அனுப்புறாய்," என்றார்.

எனக்கும் வாய் நீளம். "நீங்கள் கண்ட கண்ட மருந்தெல்லாம் கலந்து அடிக்க, அதுகள் தப்பி ஓடிவந்து என்ரையிலை இருக்குதுகள்," என்றேன்.

இரண்டு பேரும் சொன்னதிலும் உண்மை இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு வரம்புக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவருமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு களை பிடுங்கினோம்.

ஒருநாள் நான் மருதனார்மடம் சந்தைக்குக் கத்தரிக்காய் கொண்டு போயிருந்தேன். மத்தியானம் திரும்பி வந்து, வரம்பில் ஒரு கட்டுப் புல் அறுத்துப் பசுவுக்குப் போட்டேன். எனக்குத் தடிமன். மூக்கு அடைத்துக் கிடந்தது. இல்லாவிட்டால் புல்லில் இருந்த அந்த மணம் எனக்குத் தெரியாமல் போகுமா?

கொஞ்ச நேரத்தில் பசுவின் வாயில் நுரை தள்ளியது. கால்கள் நடுங்கி, முன்னங்கால் மடிந்து விழுந்தது. மாட்டு டாக்குத்தர் வந்து ஊசி போட்டார். "புல்லிலை மருந்து பட்டிருக்கு," என்றார். நான் அதன் வயிற்றில் கை வைத்துக்கொண்டு இருந்தேன். உள்ளே கன்று உதைத்தது. பிறகு உதைக்கவில்லை. பொழுதுபட முதல் தாயும் போய்விட்டது.

என் சத்தம் கேட்டு அண்ணை வரம்பைத் தாண்டி ஓடி வந்தார். நிலத்தில் இருந்து அதன் தலையை மடியில் தூக்கி வைத்தார்.

"காலமை அடிச்சனான். மெசின் சத்தம் கேட்டிருப்பாய் எண்டு நினைச்சன், தங்கச்சி," என்றார்.

நான் சந்தையில் நின்றது அவருக்குத் தெரியாது. ரோசத்தில் குரலும் கொடுக்கவில்லை, பொக்கற்றில் கிடந்த போனையும் எடுக்கவில்லை. நான் திட்டியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நான் பசுவின் கழுத்துக் கயிற்றைக் கழற்றி எடுத்தேன். ஆட்களைக் கூப்பிட விடாமல் அதைப் புதைக்க அவரே தனியக் கிடங்கு வெட்டினார்.

வெள்ளை ஈ போகவில்லை. இரண்டு தோட்டத்திலும் இலைகள் முன்னைப் போலவே சுருண்டன. கனநாள் மெசினைத் தொடாமல் இருந்த அண்ணை, ஒரு காலமை தோட்டத்தில் நின்று குரல் கொடுத்தார்.

"தங்கச்சி, மருந்தடிக்கப் போறன், மாட்டை..."

குரல் அதோடு நின்றுவிட்டது. நான் குசினியில் அடுப்படியோடு நின்றேன். யன்னலால் பார்த்தால் பசு நின்ற இடத்தில் வெறும் கட்டையும் கயிறும்தான். அவர் அங்கே எப்படி நிற்பார் என்று எனக்குத் தெரியும்.

"ஓம் அண்ணை," என்றேன். "அவிட்டுக் கட்டிப்போட்டன்."

மெசின் சத்தம் வருமென்று காத்திருந்தேன். அன்றைக்கு அது வரவேயில்லை.