கிளிப்பில் மாட்டாத சென்சார்

எங்கள் பக்கத்து ஏசி மெக்கானிக்கை எல்லோரும் கூலிங் என்றுதான் கூப்பிடுவார்கள். போனை எடுத்ததும் நலம் விசாரிக்காமல், "கூலிங் வருதா, வரலையா?" என்று கேட்பார், பெயர் ஒட்டிக்கொண்டது. ஐம்பதை நெருங்கும் ஆள். தான் கை வைத்த மெஷினுக்கு மறுபடி போனதில்லை என்று சொல்லிக்கொள்வதில் அவருக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமைதான் அன்று அவர் வாயை அடைத்தது.

பத்து நாள் முன்பு தண்ணீர் அடித்துக் கழுவிக் கொடுத்த ஏசி. காற்று வருகிறது, குளிர் இல்லை என்று போன். போனார். அந்த வீட்டு மருமகள் கதவைத் திறந்தாள்.

"மெஷின் மேல தப்பில்லைண்ணே. எங்க மாமாதான். ரிமோட்டை நோண்டி நோண்டி என்னத்தையோ அமுக்கி வச்சிட்டார். கேட்டா தொடவே இல்லைங்கறார். இப்பல்லாம் மறதி ஜாஸ்தி."

மாமனார் அந்த அறையிலேயே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முப்பது வருடம் தபால் பிரித்தவர். எந்தத் தெருவில் எந்த வீடு என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னவர்.

"ஆன் பண்ற பட்டனைத் தவிர வேற எதையும் தொட்டதா ஞாபகம் இல்லைப்பா" என்றார். பிறகு அவரே, "ஞாபகம் இல்லைங்கறதுதானே இங்க பிரச்சனை" என்று சிரிக்கப் பார்த்தார்.

மருமகள் குரலைத் தாழ்த்தினாள். "வெள்ளிக்கிழமை டாக்டர்கிட்ட காட்டறோம். தனியா வெளிய போக வேண்டாம்னு எங்க வீட்டுக்காரர் வாசல் சாவியைக்கூட வாங்கி வச்சிட்டார்."

கூலிங் ரிமோட்டைப் பார்த்தார். கூல், இருபத்து நாலு. எல்லாம் சரி. ஃபில்டர் சுத்தம். வெளியே இருக்கும் கம்ப்ரஸர் இரண்டு நிமிடம் ஓடிவிட்டு நின்றது. ஸ்டூல் போட்டு முன் மூடியைக் கழற்றினார். உள்ளே பார்த்ததும் புரிந்துவிட்டது.

அறையின் சூட்டை அளக்கிற சென்சார், கம்பி நுனியில் ஒரு சின்னக் குமிழ். அது பக்கத்துப் பிளாஸ்டிக் கிளிப்பில் காற்றுப்பட இருக்க வேண்டும். கழுவும்போது தண்ணீர் படாமல் கழற்றி வைப்பார். அன்று கடைசியில் போன் அடித்தது. ஒரு கையில் போன், இன்னொரு கையால் கம்பியைச் சுருட்டிக் குளிர்க் குழாய்களுக்கு நடுவே செருகிவிட்டு, பேசிக்கொண்டே மூடியை மாட்டினார். குழாய் குளிர்ந்ததும் அறையே குளிர்ந்துவிட்டதாக மெஷின் நம்பியது; கம்ப்ரஸரை நிறுத்தியது. பத்து நாளாக அதுதான் நடந்திருக்கிறது.

குமிழை எடுத்துக் கிளிப்பில் மாட்டினார். அரை நிமிட வேலை. கொஞ்ச நேரத்தில் சில்லென்று காற்று இறங்கியது.

"என்னண்ணே ஆச்சு? செட்டிங் மாறியிருந்துச்சா?"

"ஆமாம்மா... அந்த மாதிரிதான்."

"பாத்தீங்களா மாமா!"

பெரியவர் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார், வேறு யாருடையதோ போல.

மதியம் வீட்டில் கூலிங்குக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்ன, தட்டைத் தடவிக் குடுத்துட்டிருக்கீங்க? தூங்க வைக்கவா?"

சொன்னார். வாய்வரை வந்தது, வெளியே வரவில்லை என்றார்.

"வெளிய வந்ததே 'ஆமாம்மா'ன்னு. அது மட்டும் எப்படி வழுக்கிக்கிட்டு வந்துச்சு?"

"ஒரு வீட்ல சொன்னா தெரு பூரா தெரியும்டி. கூலிங்குக்குக் கை தடுமாறுதும்பாங்க."

"உங்களுக்குக் கை தடுமாறுச்சு. அந்த மனுஷனுக்குப் புத்தி தடுமாறுதுங்கறாங்க. அவர் பேசாம இருக்கார், நீங்க இங்க உக்காந்து அழுதுட்டிருக்கீங்க."

அவர் அழவில்லை. ஆனால் கை கழுவியவர் நேராக ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

மறுபடி கதவைத் திறந்த மருமகள் திகைத்தாள். "நல்லாத்தானே ஓடுது?"

"மாமா இருக்காராம்மா? அவர் முன்னால சொல்லணும்."

கட்டிலுக்கு எதிரே நின்றுகொண்டு சொன்னார். ரிமோட்டில் கோளாறே இல்லை. சென்சாரைத் தப்பான இடத்தில் செருகியது நான். காலையிலேயே தெரிந்தும் மறைத்தேன். சொல்லும்போது பெரியவர் முகத்தைப் பார்க்க முடியாமல் ஏசியையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

மருமகள், "ஐயோ" என்று வாயில் கை வைத்தாள்.

பெரியவர் எழுந்தார். கோபப்படுவார் என்று கூலிங் எதிர்பார்த்தார். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

"மூணு நாளா ராத்திரி படுத்துக்கிட்டு, பழைய தெருவையெல்லாம் வரிசையாச் சொல்லிப் பாக்கறேன்பா. ஒண்ணு விட்டுப்போச்சோன்னு திரும்ப முதல்லேர்ந்து." மூச்சு வாங்கினார். "என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? என் பையன்கிட்ட சொல்லு."

"நம்பர் குடுங்கய்யா, இப்பவே பேசறேன்."

"போன்ல வேண்டாம். ஆறு மணிக்கு வருவான். மூஞ்சியைப் பாத்துச் சொல்லு."

மணி மூன்றுகூட ஆகவில்லை. இன்னும் இரண்டு வீட்டு வேலை பாக்கி இருந்தது. கூலிங் சுவரோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். மருமகள் தண்ணீர் வைத்துவிட்டு, மாமனாரைப் பார்க்காமல் உள்ளே போனாள். சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்து, "இன்னைக்கு வர முடியாதுங்க" என்று மட்டும் சொல்லி வைத்தார். பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.