வேட்டைக்காரர் நாவலுக்கு ஒரே ஒரு நட்சத்திரம்

இன்று காலை வேலைக்குப் போகும் வழியில் காருக்குள்ளேயே வாக்குவாதம்.

மார்க்கம் நகரத்து அலுவலகத்துக்கு என்னோடு காரில் வரும் கோயம்புத்தூர்க்காரர் கார்த்திக் போன கிழமை ஒரு நாவல் தந்திருந்தார். ஏதோ வீடியோ கேமை வைத்து எழுதியது. நகரத்துக்குள் ஒளிந்து வாழும் மந்திரவாதிகளை வேட்டைக்காரர்கள் தேடித் தேடிக் கொல்கிறார்கள்.

"எப்படிங்க இருந்துச்சு?"

"முடிவு சுத்தப் பொய், கார்த்திக். சண்டை முடிஞ்ச அடுத்த நாளே தோத்த மந்திரவாதியள் எல்லாம் பஸ் ஏறி வீட்டை போகினம். ஒருத்தரும் மறிக்கேல்லை. பேர்கூடக் கேக்கேல்லை."

"ஃபேன்டஸிங்க அது. அதுல போய் லாஜிக் பாக்குறீங்களே!"

மந்திரவாதி சுவருக்குள்ளால் நடந்து போனதை நான் ஒரு கேள்வியும் கேட்காமல் நம்பினேன். வேட்டைக்காரன் மந்திரத்தை மோப்பம் பிடித்ததையும் நம்பினேன். அந்த பஸ்ஸைத்தான் நம்ப முடியவில்லை.

வன்னியில் சண்டை முடிந்து இரண்டு மாதமாகிறது. முகாமில் அடைத்த என் அக்காவை இன்னும் வெளியே விடவில்லை.

நாவலுக்கு ஒரு நட்சத்திரம் போட்டிருக்கிறேன். அதுவும் அந்தச் சுவர் வித்தைக்காகத்தான்.

வித்தை தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள். முள்வேலிக்கும் சரிவருமா என்று கேட்க வேண்டும்.