யாளி ஏன் உப்பைத் தாண்டியது

நான் பொய் சொன்னேன். சொன்னதோடு நிற்கவில்லை, அந்தப் பொய்யால் ஜெயித்தேன்!

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் என்னைக் குறை சொல்லக் கூடாது. என் நாவலில் நீங்கள் எல்லோரும் கொண்டாடுகிறீர்களே ஓர் இடம்... உப்பு வணிகர்கள் ஒரு நாட்டையே ஏமாற்றி வைத்திருந்தது வெளிப்படும் அந்த அத்தியாயம்... அது நான் போட்ட திட்டமே அல்ல. என் ஞாபக மறதி. கலப்படமில்லாத, சுத்தமான ஞாபக மறதி!

கதையைப் படிக்காதவர்களுக்கு நாலு வரியில் சொல்கிறேன். வெண்கரை என்று ஒரு நாடு. அதன் மலைகளில் யாளிகள். யாளி ஊருக்குள் இறங்கினால் ஆள் தப்ப முடியாது. அதனால் வெண்கரைக்காரர்கள் வாசலில் உப்பால் ஒரு கோடு போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்கள். ஏனென்றால் யாளி உப்பைத் தாண்டாது. அந்த உலகத்தின் சட்டம் அது. ஒன்பதாவது அத்தியாயத்தில், அரண்மனைப் புலவரின் வாயால், என் கையால் எழுதிய சட்டம்.

நாற்பது அத்தியாயம் கடந்த பிறகு, என் யாளி ஓர் உப்பளத்தின் நடுவே ஜம்மென்று நடந்துவந்து சேனாபதியைக் கவ்விக்கொண்டு போனது.

எப்படி வந்தது என்கிறீர்களா? எனக்கென்ன தெரியும்! அப்படி ஒரு சட்டம் இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

நான் எழுதிய லட்சணம் அப்படி. வீடு நூம்பலில், வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில். கம்பெனி பஸ் மதுரவாயல் பக்கம் மாட்டிக்கொண்டு நிற்கிற நேரமெல்லாம் கட்டைவிரலால் கைபேசியில் தட்டித்தட்டி எழுதியதுதான் இந்தத் தொடர். வெள்ளிக்கிழமைதோறும் ஓர் அத்தியாயம் கதை ஆப்பில் ஏறியாக வேண்டும். ஒரு வாரம் தவறினால் வாசகர்கள் அடுத்த கதைக்குத் தாவிவிடுவார்கள். இதில் பழைய அத்தியாயத்தைத் திருப்பிப் படிப்பதாவது! அது முந்தாநாள் குழம்பு மாதிரி, மூடியைத் திறக்கவே பயமாக இருக்கும். தொடர் எழுதுகிற யாரையாவது தனியாகக் கூப்பிட்டுக் கேட்டுப்பாருங்கள், ஒப்புக்கொள்வார்கள்.

நான் படிக்காவிட்டாலும், திருப்பித் திருப்பிப் படிக்கிற ஒருத்தி இருந்தாள். நஸ்ரின். பூந்தமல்லியில் அவளுடைய அத்தாவுக்கு மெத்தைக் கடை. மதியத்தில் கடையை அவள் பார்த்துக்கொள்வாள், மெத்தை அடுக்கின் மேல் ஏறி உட்கார்ந்து என் கதையைப் படிப்பாள். நாலு பேர்கூட என்னைப் படிக்காத காலத்தில் முதல் கருத்துப் போட்டவள் அவள். வாசகர்களுக்கென்று வாட்ஸ்அப் குழு தொடங்கி, ஆள் சேர்த்து, நூற்றுக்கணக்கில் பெருக்கியவளும் அவள்தான். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். எனக்கு உப்பிட்டவள் அவள்.

அவளும் ஒரு தொடர் எழுதத் தொடங்கியிருந்தாள். கடலுக்கடியில் ஓர் ஊர். அங்கே வீடு வீடாகக் கடிதம் கொண்டுபோகும் ஒரு தபால்காரி. மூன்று அத்தியாயம் வந்திருந்தது. நன்றாக இருந்தது. இன்னொன்றும் சொல்லட்டுமா? என்னுடையதைவிட நன்றாக இருந்தது!

யாளி உப்பளத்தில் நடந்த அந்த வெள்ளிக்கிழமை, குழுவில் நஸ்ரினின் குரல் வந்து விழுந்தது.

"அக்கா, செம்ம சீன்கா! ஆனா ஒரு டவுட்டு. யாளி உப்பத் தாண்டாதுன்னு நீதானக்கா சொன்ன? இப்போ உப்பளத்து மேலயே ஜாலியா நடந்துகினு வருது? இன்னாக்கா, மறந்துட்டியா?"

அதில் குத்தல் இல்லை, கிண்டல் இல்லை. சட்டையில் மஞ்சள் கறை பட்டிருக்கிறது என்று தோழி சொல்வாளே, அந்தத் தொனிதான். ஆனால் அடுத்த நிமிடமே குழு முழுக்க "அட, ஆமால்ல?" என்று கிளம்பியது. "அவ்ளோதான், கதை கந்தல்" என்று ஒருவர். "இதுக்கா ஒரு வருசமா படிச்சோம்?" என்று இன்னொருவர்.

"ஆமாம்மா, மறந்துவிட்டேன், திருத்திவிடுகிறேன்." இந்த ஒரு வரி போதாதா? உப்புப் பெறாத விஷயம் அது! ஆனால் என் கட்டைவிரல் அதைத் தட்டவில்லை. பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்த எனக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. பிறகு... எங்கிருந்து வந்ததோ... இப்படித் தட்டினேன்:

"யாளி உப்பைத் தாண்டாது என்று நானா சொன்னேன்? அரண்மனைப் புலவர் சொன்னார். அந்தப் புலவருக்குப் படியளப்பது யார்? உப்பு வணிகர்கள்! ஊர் பயந்தால்தானே உப்பு விற்கும்? முதல் நாளிலிருந்தே இதை ஒளித்து வைத்திருந்தேன். கவனமாகப் படித்தவர்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கும்."

அனுப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது குழு தீபாவளியாக வெடித்துக்கொண்டிருந்தது.

"தலைவி!" "அக்கா, நீங்க வேற லெவல்!" அதோடு முடியவில்லை. யாரோ ஒரு புண்ணியவான் நாலாவது அத்தியாயத்தைத் தோண்டி, புலவர் உப்பு வணிகர் வீட்டு விருந்தில் சாப்பிட்டதாக ஒரு வரி இருப்பதைக் கண்டுபிடித்தார். சத்தியமாகச் சொல்கிறேன், புலவர் எங்கேயாவது சாப்பிட வேண்டுமே என்று எழுதிய வரி அது! குப்புற விழுந்தேன், மீசையில் மண் ஒட்டவில்லை என்பதுகூட இல்லை, விழுந்த இடத்தில் எனக்கு மாலை போட்டார்கள்!

அப்போது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? ஆனந்தமாக இருந்தது. பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன். மறைப்பானேன்?

ஆனால் குழு நஸ்ரினை விடவில்லை. அவளுக்கு "உப்பு நஸ்ரின்" என்று பெயர் வைத்தார்கள். யாராவது கதையைத் தப்பாகப் புரிந்துகொண்டால் "இன்னொரு உப்பு கேஸ்" என்றார்கள். உப்பு மூட்டையின் மேல் அவள் உட்கார்ந்திருப்பதுபோல் ஒரு படம் செய்து போட்டார்கள். கவனமாகப் படித்தவர்கள்... அந்த வார்த்தை என்னுடையது. கவனமாகப் படித்தவள் அந்தக் குழுவில் ஒரே ஒருத்திதான் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் அந்தப் படத்துக்கு நானும் ஒரு சிரிப்பு முகம் போட்டேன்.

ஏன் போட்டேன்? போடாவிட்டால் சந்தேகம் வருமோ என்ற பயமா? அல்லது அவளுடைய தபால்காரி என் யாளியைவிட நன்றாக இருந்தாளே, அந்த எரிச்சலா? இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டும்தான் என்று பதில் வருகிறது.

பொய்யைச் சொல்லிவிட்டேனா, இனி அதைக் காப்பாற்ற வேண்டும். பழைய அத்தியாயங்களை முதல்முறையாகத் திருப்பிப் படித்தேன். உப்பு வணிகர்களைக் கதையின் நடுவுக்குக் கொண்டுவந்தேன். புலவர்களுக்கு எப்படி அரிசி போகிறது, தாலாட்டில்கூட உப்பின் பெருமை எப்படி ஏறியது, கேள்வி கேட்டவர்களுக்குப் பைத்தியக்காரப் பட்டம் எப்படிக் கிடைத்தது, எல்லாம் எழுதினேன். ஒரு தாய் வாசலில் உப்புக் கோடு போட்டுவிட்டு, புழுக்கம் தாங்காமல் கதவைத் திறந்துவைத்துப் பிள்ளையோடு படுக்கிற இடம்... படித்தவர்கள் அழுதார்கள். பதிப்பாளர் அழைத்தார். புத்தகமானது!

பெருமையாக இருக்கிறது. இப்போதும் இருக்கிறது! அந்த மறதி இல்லையென்றால் என் கதை நூற்றோடு நூற்றொன்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், அந்தச் சோறும் ருசியாக இருந்தது, நான் என்ன செய்யட்டும்?

இதற்கிடையில் கடலுக்கடியில் கடிதம் நின்றுபோயிருந்தது. நாலாவது அத்தியாயம் வரவேயில்லை. "ஏன்மா எழுதலை?" என்று நஸ்ரினிடம் தனியாகக் கேட்டேன். "எனக்கு ஒரு கத ஒழுங்கா படிக்கவே தெர்ல, எழுதி இன்னா கிழிக்கப் போறேன்?" என்று பதில் போட்டாள். அப்போதாவது சொல்லியிருக்கலாமே! ஒரு இதயப் படம் அனுப்பினேன். கொஞ்ச நாளில் வந்திருந்த மூன்று அத்தியாயத்தையும் ஆப்பிலிருந்து எடுத்துவிட்டாள்.

புத்தக வெளியீடு அம்பத்தூரில், ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில். வாசகர்கள் வாசலில் கல் உப்பால் நீளமாக ஒரு கோடு போட்டு வைத்திருந்தார்கள். புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் அதைத் தாண்டினேன் பாருங்கள்... என்ன விசில், என்ன கைதட்டல்! அன்றைக்கு அந்த யாளியே நான்தான்!

கையெழுத்து வாங்க நின்ற வரிசையில் நஸ்ரினும் இருந்தாள். கக்கத்தில் காகிதம் சுற்றிய ஒரு பெரிய பொட்டலம்.

"எழுதி எழுதி கழுத்து வலிக்குதுன்னு சொல்லுவீங்கல்ல? நம்ம கடத் தலகாணிக்கா. நல்ல இலவம்பஞ்சு." முன்பிருந்த 'நீ' போய் 'நீங்க' வந்திருந்தது. பிறகு மேசைமேல் குனிந்து, மெதுவாகக் கேட்டாள். "அக்கா, நெஜமா சொல்லுங்க. மொத நாள்லயே பிளான் பண்ணிட்டீங்களா?"

எனக்கும் அவளுக்கும் மட்டும் கேட்கிற குரல். பின்னால் நின்றவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

"ஆமா நஸ்ரின். மொத நாள்லயே."

அவள் முகம் தெளிந்தது. ஆமாம், தெளிந்தது! "அப்போ சரிக்கா. நான் எழுதாம வுட்டது நல்லதுதான்" என்று சிரித்தாள். மனத்தில் ஒன்றும் வைத்துக்கொள்ளாத சிரிப்பு. நான் புத்தகத்தில் 'அன்புடன்' என்று எழுதி நீட்டினேன்.

அந்தச் சிரிப்புத்தான் என்னைத் தின்றது. பொட்டலத்தைப் பிரித்துத் தலையணையை எடுத்து வைத்தேன், அதில் தலை வைக்க மனம் வரவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குழுவில் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். மறந்தேன், பொய் சொன்னேன், நஸ்ரின் சொன்னதுதான் சரி, அவளிடம் எல்லோரும் மன்னிப்புக் கேளுங்கள், முதலில் நான் கேட்கிறேன்... ஒன்றும் விடவில்லை. வருகிற வசவை வாங்கிக்கொள்ளத் தயாராக உட்கார்ந்திருந்தேன்.

வசவா? கைதட்டினார்கள்!

"அடேங்கப்பா! இப்போ ஆசிரியரே புலவரா மாறிட்டாங்க!" "ரெண்டாம் பாகத்துக்கு க்ளூ குடுக்குறாங்க, யாரும் நம்பாதீங்க!" ஒருவர் நாலாவது அத்தியாயத்து விருந்தை எடுத்துப்போட்டு, நான் மறந்திருக்கவே முடியாது என்று பக்கம் பக்கமாக நிரூபித்தார். படிக்கப் படிக்க எனக்கே நம்பலாம்போல் இருந்தது. பதிப்பாளர் அழைத்து, "பிரமாதமான விளம்பரம் மேடம், ரெண்டாம் பாகம் எப்போ?" என்றார். சொன்னவர் வாயை நம்பாதே என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவள் நான். புலி வருது கதையில் அந்தப் பையனையாவது திட்டினார்கள்!

உடனே நஸ்ரினை அழைத்தேன்.

"நஸ்ரின், குழுவுல போட்டது நெஜம். சத்தியமா நான் மறந்துதான் போனேன். நீ அன்னிக்கே சரியா பிடிச்சுட்ட. தயவுசெஞ்சு எழுதும்மா, அந்தத் தபால்காரியை எழுது."

அந்தப் பக்கம் ஒரு பெரிய சிரிப்பு.

"போக்கா! ஒரு வாட்டி உன்னாண்ட ஏமாந்தேன், ஊரே உப்புன்னு கூப்டுச்சு. இன்னொரு வாட்டி ஏமாறுவனா? இந்தத் தபா நான் உஷாரா கீறேன்." பின்னால் யாரோ மெத்தை விலை கேட்டார்கள். "கடைல ஆளு வந்துகீது, வெச்சிர்றேன்கா. கலக்கு!"

'நீ' திரும்ப வந்திருந்தது. அதற்கு நான் எப்படிச் சந்தோஷப்படுவது?

இரண்டாம் பாகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். நன்றாக வருகிறது, முதல் பாகத்தைவிட நன்றாக! நீங்கள் வாங்குவீர்கள். இதைப் படித்து இப்போதே சிரித்திருப்பீர்கள், 'புலவர் மறுபடி ஆரம்பிச்சுட்டார்' என்று. சிரியுங்கள், உங்களை அப்படிப் பழக்கியவளே நான்தான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பூந்தமல்லிப் பக்கம் மெத்தை வாங்கப் போனால், கடையில் நஸ்ரின் என்று ஒரு பெண் இருந்தால், நான் அனுப்பினேன் என்று சொல்லாதீர்கள். உங்கள் சொந்தக் கருத்தைப்போலச் சொல்லுங்கள்... அந்த யாளி உப்பைத் தாண்டியிருக்கக் கூடாது என்று.